‘பழகிக்கோ’ன்னு மட்டும் சொல்லாதீங்க!

கேன்டீன்லயோ, பஸ்லயோ, போரடிக்கிற கடைசி பீரியட்லயோ உட்கார்ந்துதானே இதைப் படிக்கிறீங்க? ஒரு சின்ன டெஸ்ட். உங்க தொடையை ஒரு கையால கெட்டியாப் பிடிங்க. இப்போ அந்தக் கையை மேலும் கீழும் அசைச்சுப் பாருங்க. தோலும் சதையும் கையோடயே போகும். ஆனா உள்ளே இருக்கிற எலும்பு, ‘எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை’ங்கிற மாதிரி அது பாட்டுக்கு இருக்கும். ஆச்சா?

இப்போ கைக்குப் பதிலா ஒரு பிளாஸ்டிக் டப்பான்னு வெச்சுக்குங்க. டப்பாவுக்குக் கீழே ஒரு முட்டி, ஒரு ராடு, ஒரு பாதம். எல்லாம் சேர்த்து மூணு கிலோ பக்கம். டப்பாவுக்கு மேலே நீங்க. எலும்பு ஒரு பக்கம் போகும், சதை ஒரு பக்கம் போகும், டப்பா இன்னொரு பக்கம் போகும். நீங்க மட்டும் நேரா கிளாஸுக்குப் போகணும். முதல் ஹவர். மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

எனக்கு இடது கால் முட்டிக்கு மேலே வரைக்கும்தான் இருக்கு. செகண்ட் இயர் படிக்கும்போது ஒரு லாரி. அந்தக் கதை அவ்வளவுதான், அதைச் சொல்ல இதை எழுதலை. அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் நான் சண்டை போட்டது லாரியோட இல்லை, ஒரு டப்பாவோட. அந்தச் சண்டையில கத்துக்கிட்டதைத்தான் உங்ககிட்ட சொல்லப் போறேன். ஏன்னா உங்க கிளாஸ்லயோ, உங்க தெருவிலயோ, உங்க வீட்டுலயோ இப்படி ஒருத்தர் இருக்க நிறைய சான்ஸ் இருக்கு. பைக் விபத்து மட்டும் இல்லைங்க, சர்க்கரை வியாதியில கால் போனவங்களும் நம்ம ஊர்ல ஏராளம்.

முதல்ல ஒரு விஷயம். செயற்கைக் கால்னதும் எல்லாரும் பாதத்தைத்தான் பாப்பாங்க. கொஞ்சம் விஷயம் தெரிஞ்சவங்க முட்டியைப் பாப்பாங்க. ‘கம்ப்யூட்டர் முட்டி வந்திருக்காமே?’ன்னு கேப்பாங்க. மிச்சமிருக்கிற காலை உள்ளே வாங்கிக்கிற அந்த டப்பாவை யாரும் பாக்கறதில்லை. அதுக்குப் பேரு சாக்கெட். மிச்சமிருக்கிற காலுக்கு ஆஸ்பத்திரி பாஷையில ஸ்டம்ப்னு பேரு. கிரிக்கெட் ஸ்டம்ப் மாதிரி கெட்டியா இருக்கும்னு நினைச்சுடாதீங்க. சில பேருக்கு அப்படி இருக்கும். என்னோடது திருநெல்வேலி அல்வா!

அல்வா மாதிரி ஸ்டம்ப் இருந்தா என்ன ஆகும்? நடக்கும்போது உடம்போட எடை மொத்தமும் சதை வழியாத்தான் சாக்கெட்டுக்கு இறங்கணும். சதை அமுங்கிக் கொடுத்துடும். தொடை எலும்பு உள்ளுக்குள்ளயே வெளிப்பக்கமா சாயும். அதைச் சரிக்கட்ட இடுப்பும் தோளும் அந்தப் பக்கம் சாயும். காலைத் தூக்கும்போது டப்பா கொஞ்சம் கீழே இறங்கும், ஊனும்போது மேலே ஏறும். சைக்கிள் பம்ப் மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் தோல் உரசும், வேர்க்கும், புண்ணாகும். சாக்கெட்டோட மேல் விளிம்புக்கு வெளியே தொடை இடுக்குல சதை பிதுங்கி நிக்கும். அந்தப் பிதுக்கலை விளிம்பு கிள்ளும் பாருங்க... எதிரிக்குக்கூட வரக்கூடாது.

என்னோட முதல் கால் இடுப்பு பெல்ட்டோட வந்தது. பெல்ட் டப்பாவைக் கீழே விழாம பிடிச்சுக்கிட்டது, அவ்வளவுதான். உள்ளே இருந்த ஆட்டம் அப்படியே இருந்தது. கூடவே சத்தம் வேற. சாக்கெட்டுக்குள்ள மாட்டிக்கிட்ட காத்து ஒவ்வொரு அடிக்கும் விளிம்பு வழியா வெளியே வரும். எந்த மாதிரி சத்தம்னு நான் சொல்லித்தான் தெரியணுமா? இன்டர்னல் எக்ஸாம், ஹால்ல ஊசி விழுந்தாக் கேக்கும், அடிஷனல் ஷீட் வாங்க நான் எழுந்து நாலு அடி நடக்கிறேன். மூணு பெஞ்ச் திரும்பிப் பாக்குது. முதல் நாள் அழுதேன். ரெண்டாவது நாள் நானே முந்திக்கிட்டு ‘எக்ஸ்கியூஸ் மீ, கால்தான்’னு சொன்னேன். ஹால் சூப்பர்வைசரே சிரிச்சுட்டார்.

சிரிப்பெல்லாம் சரி. புண்? வாரத்துல மூணு நாள் காலைப் போட முடியலை. அட்டெண்டன்ஸ் அறுபதுக்குக் கீழே போச்சு. கன்டனேஷன் ஃபீஸ் கட்டுற எல்லையையே தாண்டிட்டேன். ‘ஒரு வருஷம் பிரேக் எடுத்துக்கோயேன்’னு எல்லாரும் அன்பாத்தான் சொன்னாங்க. பிரேக் எடுத்த எத்தனை பொண்ணுங்க திரும்பக் காலேஜுக்கு வந்திருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும்.

கால் செஞ்ச இடத்துல போய்ச் சொன்னோம். ‘தொடை லூஸா இருக்கும்மா. இப்படித்தான் இருக்கும். போகப் போகப் பழகிக்கணும்’னாங்க. அடுத்த தடவை, ‘லைனர் போட்டா எல்லாம் சரியாயிடும்’னாங்க. அம்மாவோட ரெண்டு வளையல் அடகுக் கடைக்குப் போச்சு.

லைனர் நல்ல பொருள்தான், அதுல சந்தேகமே இல்லை. தடிமனான சிலிக்கான் உறை. காலுறை மாதிரி சுருட்டி ஸ்டம்ப் மேல ஏத்தணும். ஐஸ்லாந்துக்காரர் ஒசூர் கிறிஸ்டின்சன் 1980-களில் இதைப் பிரபலமாக்கினார். அவரே செயற்கைக் கால் போட்டவர். எனக்குக் கொடுத்த லைனரோட அடியில ஒரு பின் இருக்கும். அது சாக்கெட்டுக்கு அடியில உள்ள பூட்டுல ‘டிக் டிக் டிக்’னு இறங்கி மாட்டிக்கும். பெல்ட் வேண்டாம், சத்தம் வராது. கெட்டியான ஸ்டம்ப் உள்ள பல பேருக்கு இது வரப்பிரசாதம்.

அல்வாவுக்கு? காலைத் தூக்கும்போது அந்த மூணு கிலோவும் ஒரே ஒரு பின்ல தொங்குது. பின் இழுக்கிறது ஸ்டம்போட நுனியை. மெதுவான சதை நீளும், மேலே ஒடுங்கும். அடி வெச்சா திரும்பச் சுருங்கும். மறுபடி நீளும். மாட்டுக்குப் பால் கறக்கிற மாதிரி! நான் உவமை சொல்லலை, இந்தத் துறையில இங்கிலீஷ்லயே இதைப் ‘பால் கறக்குறது’ன்னுதான் சொல்றாங்க. சாயங்காலம் ஸ்டம்ப் நுனி சிவந்து வீங்கியிருக்கும். இன்னொரு தொல்லை, நுனி தளதளன்னு இருக்கிறதால பின் நேரா நிக்காது. பூட்டோட ஓட்டையைத் தேடித் தேடிக் குத்தணும். ஊசியில நூல் கோர்க்கிற வேலைதான், ஆனா ஊசி கண்ணுக்குத் தெரியாது!

மறுபடியும் போனோம். மறுபடியும் அதே வார்த்தை. ‘பழகிக்கணும்மா.’

அன்னிக்குக் கால் கட்டிலுக்கு அடியில போச்சு. ரெண்டு மாசம் வெளியே வரலை. இதை நல்லாக் கவனிங்க. நம்ம ஊர்ல எத்தனையோ கட்டிலுக்கு அடியில இப்படிக் கால்கள் கிடக்கு. பார்க்கிறவங்க ‘அவனுக்கு முயற்சி போதாது’, ‘சோம்பேறி’ன்னு ஈஸியாச் சொல்லிடுவாங்க. எங்க அம்மாவுக்குத்தான் முதல்ல கோபம் வந்தது. ‘செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டச் சொல்ற கதையால்ல இருக்கு’ன்னாங்க. அடுத்த வாரமே வேற ஒரு சென்டருக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க.

அங்கே ஒரு அக்கா இருந்தாங்க. முதல் வேலையா என்னைத் தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பொண்ணுங்களே, இதை நோட் பண்ணிக்குங்க. தொடை சாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போது இடுக்கு வரைக்கும் கை வெச்சுத்தான் ஆகணும். அங்கே சரியா அளவெடுக்கலைன்னா அந்தச் சாக்கெட் உருப்படாது. முதல் இடத்துல எனக்கும் கூச்சம், அவங்களுக்கும் கூச்சம். சுடிதார் மேலேயே டேப் சுத்தி முடிச்சாங்க. பெண் நிபுணர் இருக்காங்களான்னு கேளுங்க. இல்லைன்னா கூட ஒரு பெண் நிக்கணும்னு கேளுங்க. கேக்கிறது உங்க உரிமை.

அக்கா ஸ்டம்பை அமுக்கிப் பாத்தாங்க. கிள்ளிப் பாத்தாங்க. ‘தசையை இறுக்கு... விடு...’ன்னாங்க. எலும்போட நுனி எங்கே இருக்குன்னு தேடினாங்க. அஞ்சு சென்டிமீட்டருக்கு ஒரு தடவை சுற்றளவு எடுத்தாங்க. சும்மா ஒரு தடவை, டேப்பைக் கொஞ்சம் இறுக்கி ஒரு தடவை. படுக்க வெச்சு எடுத்ததை நிக்க வெச்சும் எடுத்தாங்க. படுத்திருக்கும்போது பரவுற சதை நிக்கும்போது தொங்கும் இல்லையா? எல்லாத்தையும் எழுதி முடிச்சுட்டுத்தான் வாயைத் திறந்தாங்க. ‘உன் தொடையில ஒரு தப்பும் இல்லைம்மா. டப்பாதான் தப்பு.’

ஒன்றரை வருஷத்துல முதல் தடவையா நான் என் உடம்பு மேல இருந்த கோபத்தை இறக்கி வெச்சது அப்போதான்.

விஷயம் என்னன்னா, சாக்கெட்டை ஸ்டம்போட அளவுக்கே செய்யக்கூடாதாம். கொஞ்சம் சின்னதா செய்யணும். கெட்டியான ஸ்டம்புக்கு லேசாக் குறைச்சாப் போதும், அதிகம் குறைச்சா உள்ளேயே போகாது. மெதுவான ஸ்டம்புக்கு அதிகமாக் குறைக்கணும். அப்போதான் சதை எல்லாப் பக்கமும் சமமா அமுங்கி, எலும்பைச் சுத்தி ஒரு கெட்டித் தூண் மாதிரி நிக்கும். என்னோட முதல் சாக்கெட்ல எல்லாருக்கும் போல ஒரே கணக்குல குறைச்சிருந்தாங்க. அல்வாவுக்கு லட்டு அச்சு!

வடிவமும் முக்கியம். இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அமெரிக்காவுல கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட பெர்க்லி வளாகத்துல நடந்த ஆராய்ச்சியில ஒரு நாற்கோணச் சாக்கெட்டை உருவாக்கினாங்க. நாம உட்கார்ற எலும்பு அதோட பின் விளிம்புல, ஸ்டூல்ல உட்கார்ற மாதிரி உட்காரும். பல வருஷம் உலகமே அதைத்தான் போட்டது. ஆனா பக்கவாட்டுல அது அகலம், அதனால தொடை எலும்பு வெளிப்பக்கம் சாய இடம் இருந்தது. 1980-களில் இன்னொரு வகை வந்தது. உட்கார்ற எலும்பை விளிம்பு மேல வைக்காம சாக்கெட்டுக்குள்ளயே வாங்கிக்கிறது. பக்கவாட்டுல ஒடுக்கம், எலும்பை நேரா நிறுத்தும். அமெரிக்காவுல ராண்டல் ஆலிங்கிறவர் இன்னும் ஒரு படி மேலே போனார். நீளவாக்குல நாலு இடத்துல மட்டும் எலும்பை நோக்கி அழுத்தி, நடுநடுவே சதை போக இடம் விட்டுட்டார். சாக்கெட்டே வேண்டாம், எலும்புக்குள்ளேயே டைட்டானியம் பொருத்திடலாம்னு 1990-ல் ஸ்வீடன்ல தொடையில ஆபரேஷன் பண்ணினாங்க. அந்த உலோகம் தோலைத் தாண்டி வெளியே வர்ற இடத்துல தொற்று வராம ஆயுசுக்கும் பாத்துக்கணும். இத்தனை பேர் இத்தனை வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டதே, சதைக்குள்ள இருக்கிற எலும்பைப் பிடிக்கத்தான்.

அக்கா எனக்கு லைனரே வேண்டாம்னுட்டாங்க. ‘தோல்ல நேரா ஒட்டுற உறிஞ்சு சாக்கெட் போடலாம்’னாங்க. அடியில ஒரு வால்வு. காத்து வெளியே போகும், உள்ளே வராது. பாட்டில் வாயில உதடு வெச்சுக் காத்தை உறிஞ்சினா பாட்டில் தொங்கும் இல்லையா, அதே தத்துவம். இதுல ஒண்ணும் ராக்கெட் சயன்ஸ் இல்லை. 1863-லயே நியூயார்க்ல பார்மெலிங்கிறவர் பேட்டன்ட் வாங்கிட்டார். பிடிப்பு பின்ல இருக்கிற மாதிரி ஒரே புள்ளியில இல்லை, தோல் முழுக்கப் பரவியிருக்கும். அதனால பால் கறக்கிற தொல்லை கிடையாது. இதுக்கு ஆன செலவு வளையல் போன லைனரை விடக் குறைச்சல். இதைக் கேட்டதும் அம்மா மூஞ்சியைப் பார்க்கணுமே!

மாவுக்கட்டு போட்டு அச்செடுத்து, முதல்ல கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக்ல ஒரு டெஸ்ட் சாக்கெட். அதைப் போட்டு நிக்க வெச்சு உள்ளே பாத்தாங்க. எங்கே தோல் வெளுத்திருக்கோ அங்கே அழுத்தம் ஜாஸ்தி. அடியில எங்கேயாவது வெத்திடம் தெரிஞ்சா அது ஆபத்து. அந்த இடத்துல ரத்தம் தேங்கி, தோல் கறுத்துத் தடிச்சு, நாளாக நாளாக வெடிச்சுப் புண்ணாகும். மூணு தடவை சூடு காட்டித் திருத்தினாங்க. நாலாவது தடவைதான் ஓகே சொன்னாங்க.

இந்தக் காலை மாட்டுறதே ஒரு கலை. மெதுவான சதையை மேலேயிருந்து உள்ளே தள்ளவே முடியாது. தலையணை உறைக்குள்ள பஞ்சை விரலால அமுக்குற மாதிரி, ஒரு பக்கம் அமுக்கினா இன்னொரு பக்கம் பிதுங்கும். அதனால கீழேயிருந்து இழுக்கணும். வழுக்குற துணி உறையை ஸ்டம்ப்ல போட்டு, அதோட வாலை வால்வு ஓட்டை வழியா வெளியே எடுத்து, நின்னுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா இழுக்கணும். கிணத்துல தண்ணி சேந்துற ரிதம். துணி முழுசா வெளியே வரும்போது சதை அடி வரைக்கும் போய் உட்கார்ந்திருக்கும். இடுக்குல ஒரு துளி பிதுங்கினாலும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். வால்வைத் திருகி மூடினா முடிஞ்சது. ஆரம்பத்துல இருபது நிமிஷம், இப்போ அஞ்சு நிமிஷம். ஹாஸ்டல்ல ரூம்மேட் ஹேர் ஸ்டைல் முடிக்கிறதுக்குள்ள நான் ரெடி!

‘அப்போ பிரச்னை தீர்ந்ததா?’ன்னு கேப்பீங்க. அதான் இல்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போய் அதிரசம், முறுக்குன்னு வெளுத்துக் கட்டினா, திரும்பி வரும்போது ஸ்டம்ப் உள்ளே போகாது. ஜுரத்துல இளைச்சா லூஸாயிடும், காத்து புகுந்துடும். மத்த வகைச் சாக்கெட்ல இளைச்சா ஒரு சாக்ஸ் கூடப் போட்டுச் சமாளிக்கலாம், இதுல துணி போட்டா காத்துப் பிடிப்பே போயிடும். மே மாசம் வேர்வையில வழுக்கும். மத்தியானம் ஒரு தடவை கழட்டித் துடைச்சு மறுபடி மாட்டணும். கால் போன புதுசுல ஸ்டம்ப் மாசக்கணக்குல சுருங்கிக்கிட்டே வரும், சாக்கெட்டையும் மாத்திக்கிட்டே இருக்கணும். நானே இப்போ அடுத்த அளவுக்குத் தேதி வாங்கியிருக்கேன். எல்லாருக்கும் உறிஞ்சு சாக்கெட்தான் சரின்னும் சொல்ல மாட்டேன். ஒத்தைக் கால்ல நின்னு குனிய முடியாத பெரியவங்களுக்கு இது ஒத்துவராது. பின்னுக்குப் பதிலா பட்டை வெச்சு இழுக்கிற லைனர் இருக்கு, ரப்பர் வளையம் வெச்சுக் காத்தைப் பிடிக்கிற லைனர் இருக்கு. ஆளுக்கு ஆள், ஸ்டம்புக்கு ஸ்டம்ப் மாறும். அதான் விஷயமே.

தன்னம்பிக்கைக் கதைன்னா நாம எல்லாரும் கைதட்டுவோம். சுதா சந்திரனை எல்லாருக்கும் தெரியும். 1981-ல் தமிழ்நாட்டுல நடந்த பஸ் விபத்துக்கு அப்புறம் ஒரு காலை இழந்தவங்க, 1984-ல் மறுபடியும் மேடையேறி ஆடினாங்க. அவங்க மன உறுதிக்கு எத்தனை கைதட்டினாலும் தகும். ஆனா அவங்க ஆடினது ஜெய்ப்பூர் கால்ல. 1968-ல் அதை உருவாக்கினவங்க டாக்டர் பி.கே.சேத்தியும், ராம்சந்திர சர்மாங்கிற கைவினைஞரும். பெரிய படிப்பு எதுவும் படிக்காத சர்மாவோட கைகள் இல்லைன்னா அந்தக் கால் இல்லை. மன உறுதி நம்மகிட்ட இருக்கலாம். அது கீழே இறங்கித் தரையைத் தொட யாரோ ஒருத்தர் சரியா அளவெடுத்திருக்கணும்.

அதனால, உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது காலைக் கட்டிலுக்கு அடியில போட்டிருந்தா, ‘முயற்சி பண்ணு’ன்னு சொல்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. எங்கே வலிக்குது? நடக்கும்போது உள்ளே ஆடுதா? கடைசியா எப்போ அளவெடுத்தாங்க? அப்புறம் அவங்களோட கூடப் போங்க. ‘இது எனக்குச் சேரலை, திருத்திக் கொடுங்க’ன்னு தனியாச் சொல்றது கஷ்டம். பக்கத்துல ஒரு ஃப்ரெண்ட் நின்னா குரல் தானா வந்துடும். சென்னைன்னா கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவமனையில செயற்கைக் கால் பிரிவு இருக்கு, வேலூர் சி.எம்.சி.யில இருக்கு. ஒரு இடத்துல கைவிரிச்சா இன்னொரு இடம் போங்க.

கடைசியா, ‘அடுத்து என்ன படிக்கலாம்’னு கேக்குற தம்பி, தங்கச்சி வீட்டுல இருந்தா அவங்களுக்கு ஒரு சேதி. பி.பி.ஓ.ன்னு ஒரு டிகிரி இருக்கு. செயற்கை அவயவங்களும் தாங்கு கருவிகளும் செய்யுற படிப்பு, பயிற்சிக் காலமும் சேர்த்து நாலரை வருஷம். வேலூர் சி.எம்.சி.யிலயே படிக்கலாம். பி.பி.ஓ.ன்னதும் கால் சென்டர்னு நினைச்சுட்டீங்கன்னா அதுவும் தப்பில்லை, இது நிஜமாவே ‘கால்’ சென்டர்தான்! கொஞ்சம் பிசிக்ஸ், கொஞ்சம் அனாட்டமி, நிறைய மாவு, அதை விட நிறையப் பொறுமை. எத்தனை பேர் படிச்சு வந்தாலும் அளவெடுக்க ஆள் பத்தலைன்னு எங்க அக்கா புலம்பிக்கிட்டேதான் இருக்காங்க.

வர்றீங்களா?